முஸ்கான் பேசாத கதை

பள்ளிக்கூடத்துக்கு ஒரு செய்தி வருகிறது. பதினைந்து வயது முஸ்கான் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கிருந்து கதை சில மாதங்கள் பின்னால் போகிறது. உற்ற தோழி ஆலியா கொஞ்சம் சொல்கிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளை பிரதீக் கொஞ்சம் சொல்கிறான். நன்றாகப் படிக்கிற, வசதியில்லாத வீட்டுச் சுபஜாய் கொஞ்சம் சொல்கிறான். புத்தகம் முடியும்வரை முஸ்கான் மட்டும் வாய் திறப்பதில்லை.

ஹிமாஞ்சலி சங்கர் ஆங்கிலத்தில் எழுதிய ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ 2014இல் வந்தது. பெண்ணை விரும்பும் ஒரு பள்ளி மாணவியைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளே வாசிப்பதற்காக இந்தியாவில் எழுதப்பட்ட முதல் சில நாவல்களில் அது ஒன்று. வந்த நேரமும் கவனிக்கத்தக்கது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, டெல்லி உயர் நீதிமன்றம் முடக்கிவைத்த 377ஆம் சட்டப்பிரிவுக்கு 2013 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்திருந்தது.

இந்த நாவலை வாசிப்பவருக்கு முதலில் வருவது எரிச்சல். யாருடைய வாழ்க்கையைப் பற்றிய கதையோ அவளுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லையே என்ற எரிச்சல். கொஞ்ச தூரம் போன பிறகு அது வேறொன்றாக மாறுகிறது. மூன்று பேரும் முஸ்கானைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தங்களைத்தான் காட்டிக்கொடுக்கிறார்கள். ஆலியாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்த பிறகு அவள் செய்ததெல்லாம் மெல்ல விலகியதுதான். பிரதீக்குக்கு, தன்னை ஒரு பெண் விரும்பவில்லை என்றால் கோளாறு அவளிடம்தான் இருக்க வேண்டும். சுபஜாய்க்கு அவள் தோழி, அவ்வளவுதான். வெளியாளாக இருப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய கொடுமைக்காரர் என்று யாரையும் கை நீட்டிவிட முடியாது. வகுப்பில் சாதாரணமாக நடக்கிற கிண்டல், முகத்தைத் திருப்பிக்கொள்வது, மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக விடுவது, இவைதான் சேர்ந்து ஒரு பெண்ணை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன.

அதே 2014இல் பாயல் தார் எழுதிய ‘ஸ்லைட்லி பர்ன்ட்’ வந்தது. இது இலகுவான நாவல், சிரிப்பும் உண்டு. கோமல் என்ற பதினாறு வயதுப் பெண், தன் நெருங்கிய நண்பன் சாஹில் தன்னிடம் காதலைச் சொல்லப்போகிறான் என்று பதறிக்கொண்டிருக்கிறாள். அவன் சொல்வதோ தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை. இங்கேயும் கதை சாஹிலுடையது அல்ல, கோமலுடையது. நண்பன் சொன்னதை அவள் எப்படி விழுங்கினாள், என்னென்ன தப்பாகப் பேசினாள், எப்படித் தன்னைத் திருத்திக்கொண்டாள் என்பதே நாவல்.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு நாவல்களும் பக்கத்து பெஞ்சிலிருந்து சொல்லப்படுவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. இப்புத்தகங்களைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆலியாக்களும் கோமல்களும்தான். அவர்களுக்கு, ‘உன் பக்கத்தில் இருக்கிறவளை நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கிற நாவல் நேராகப் போய்ச் சேரும். முஸ்கானே வாசகியாக வந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. தன்னைப் பற்றி நானூறு பேர் பேசுவதை அவள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். புத்தகத்திலும் அதையே கேட்க வேண்டுமா?

அவளுக்கு வேண்டிய புத்தகத்தை இந்த இரண்டுக்கும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர் கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை. அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு, பத்தொன்பது வயதில் குடும்பத்தோடு கனடா போனவர். பெரியவர்களுக்காக அவர் 1994இல் எழுதிய ‘ஃபன்னி பாய்’ உலகப் புகழ் பெற்றது. 2005இல் பதின்பருவத்தினருக்கென்றே ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ’ எழுதினார். காலம் 1980. அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன், பெற்றோரை இழந்தவன், தாயின் தோழியான பண்டில் ஆன்ட்டியின் வீட்டில் வளர்கிறான். பள்ளியில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடக ஒத்திகை. அப்போது கனடாவிலிருந்து நிரேஷ் என்ற அத்தான் முறைப் பையன் வந்து இறங்குகிறான். அவனைப் பார்த்த நாளிலிருந்து அம்ரித்தின் மனம் தன்னிடம் இல்லை. நிரேஷோ அந்த வீட்டுப் பெண் மாலாவின்மேல் நாட்டம் கொள்கிறான். பொறாமை எந்த அளவுக்குப் போகும் என்று ஒத்தெல்லோ மேடையில் சொல்வதை அம்ரித் தண்ணீருக்குள் கிட்டத்தட்டச் செய்தே விடுகிறான்.

இதில் ஆச்சரியம், வீட்டாரைக் கூட்டி வைத்து ‘நான் இப்படித்தான்’ என்று சொல்லும் பெரிய காட்சி எதுவும் இல்லாததுதான். மேற்கத்திய இளையோர் நாவல்களில் கதையே அந்தக் காட்சியை நோக்கித்தான் ஓடும். பெக்கி ஆல்பர்டல்லி 2015இல் எழுதிய சைமன் என்ற பையனின் நாவல் அப்படித்தான். அதை 2018இல் ‘லவ், சைமன்’ என்று படமாகவும் எடுத்தார்கள். அம்ரித் சொல்ல வேண்டியது முதலில் தனக்குத்தானே. தான் யார் என்பது அவனுக்கே பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டியிருக்கிறது. லாம்டா இலக்கிய விருதில் இளையோர் பிரிவுப் பரிசு இந்த நாவலுக்குக் கிடைத்தது.

இந்தக் கதையைப் பழவேற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும்?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். திருப்பாலீஸ்வரர் கோயில் ஊர். அதைத் தாண்டினால் ஏரியும் குப்பங்களும்: கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் என்று வரிசையாக. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அம்ரித்தின் கடலும் மழையும் புதிதில்லை. லீவு விட்டால் வீடு நிறையும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளைகளும் புதிதில்லை. முறைப்பெண், முறைப்பையன் என்று பிறந்த நாளிலிருந்தே கணக்குப் போட்டு வைக்கிற ஊர்களில், வெளிநாட்டிலிருந்து வந்த அத்தான் பையன்மேல் வீட்டுப் பெண்ணுக்கு ஆசை வந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வீட்டுப் பையனுக்கு வந்தால்தான் சிக்கல். நாவலின் முழு வலியும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது. டொரண்டோ வாசகரைவிடக் குப்பத்து வாசகருக்கு இது சட்டென்று உறைக்கும்.

இன்னொன்றும் உறைக்கும். பழவேற்காட்டில் ஏரியின் எந்தப் பகுதியில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைப் பரம்பரையாகப் ‘பாடு’ முறை தீர்மானித்துவந்திருக்கிறது. ஊர் கூடி முறை பிரித்துக்கொள்வார்கள். கரையோர மீனவ ஊர்களில் வரி, திருவிழாச் செலவு, பங்கு எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். கல்யாணமான ஆண் தனித் தலைக்கட்டாக ஏறுவது பரவலான வழக்கம். பெண்களுக்கு அந்தக் கணக்கில் பெயரில்லை. ஆகவே இங்கே ஒரு பையன் ‘எனக்குக் கல்யாணம் வேண்டாம்’ என்றால் அது அவன் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நின்றுவிடாது. ஊர்க் கணக்கில் அவன் யார் என்ற கேள்வி உடனே எழும். ஒரு பெண் சொன்னாலோ கேள்வியே எழாது, மாப்பிள்ளை பார்ப்பதுதான் நடக்கும். நகரத்து நாவல்களில் கல்யாணம் என்பது அம்மா அப்பாவின் வற்புறுத்தல் என்ற அளவில் வந்துபோகும். அதற்குப் பின்னால் பிழைப்பும் பங்கும் ஊர்ச் சபையும் நிற்கிற இடத்தை எழுதிய இளையோர் நாவல் தமிழுக்கு நல்ல நாவலாகவே இருக்கும். இங்கிருந்துதான் அது வர முடியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள், பெண்களையும் குற்றவாளிகள் ஆக்குவதற்காக! இந்தியாவில் நிலைமை மேல்தான். ஆனாலும் தீர்ப்பு பேசுவது வயது வந்தவர்களைப் பற்றி. பதினெட்டில்தான் அது தொடங்குகிறது. நாவல்கள் பேசும் பிள்ளைகளுக்கோ பதினான்கும் பதினைந்தும்.

இந்த இடைவெளியைக் கவனித்தவர்களில் ஒருவர் நீதிபதி. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர்களின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்து பாதுகாப்புக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயத்தைத் தானே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு வந்தது. மனமொத்துச் சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களைக் காணவில்லை என்று புகார் வந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். ‘மாற்றிக்காட்டுகிறேன்’ என்று மருத்துவம் பார்ப்பதற்குத் தடை. போலீஸ், நீதித்துறை, பள்ளி, கல்லூரி, பெற்றோர் என எல்லாத் தரப்புக்கும் விழிப்புணர்வு கொடுக்க வேண்டும். அந்த உத்தரவை இன்று வாசித்தால், ‘ஸ்லைட்லி பர்ன்ட்’ கோமல் நினைவுக்கு வருகிறாள். விஷயம் தெரியாத ஒருவர், தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு கற்றுக்கொள்ளும் கதை அதுவும்.

எல்லோரும் அப்படிக் கற்றுக்கொள்வதில்லை. அதே 2021இல் பள்ளிகளில் திருநர் குழந்தைகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில் அது இணையதளத்திலிருந்து காணாமல்போனது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதையும் கண்டித்தார்.

பெரியவர்களின் பதற்றத்துக்கு எல்லை கிடையாது. அமெரிக்காவில் நான்சி கார்டன் 1982இல் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ இரண்டு பள்ளிப் பெண்களின் காதலைச் சொல்லும் நாவல். சோகத்தில் முடியாத நாவல் என்பதுதான் அதன் பெருமை. கதாநாயகி சாகவும் இல்லை, ‘திருந்தவும்’ இல்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பல பள்ளி நூலகங்களில் சத்தமில்லாமல் இருந்தது. 1993இல் கன்சாஸ் நகரப் பகுதிப் பள்ளிகளுக்கு அதன் பிரதிகள் அன்பளிப்பாகப் போனபோதுதான் கிளம்பியது வினை. புத்தகத்தைப் பகிரங்கமாகக் கொளுத்தினார்கள். ஓலேத்தா என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் நூலகத்தில் ஏற்கெனவே இருந்த பிரதிகளையும் எடுத்துவிட்டது. இந்த இடத்தில் நடந்தது சுவாரசியம். வழக்குப் போட்டவர்களில் அந்தப் பள்ளி மாணவர்களே இருந்தார்கள். 1995இல் நீதிமன்றம் புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது. பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று பெரியவர்கள் முடிவெடுக்க, பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய் ‘எங்களுக்கு வேண்டும்’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஹங்கேரியில் 2023இல் இரண்டு பையன்களின் நேசத்தைச் சொல்லும் அலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ படக்கதையைப் பிளாஸ்டிக் உறை போடாமல் விற்றதற்காக ஒரு புத்தகக்கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் விதித்தார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற சிங்கப்பூரில் 2014இல் தேசிய நூலக வாரியம், இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் படப்புத்தகத்தைக் கூழாக்கப் போவதாக அறிவித்தது. வாசகர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் புத்தகம் தப்பியது, பெரியவர்கள் பகுதிக்கு மாற்றப்பட்டு. குழந்தைக்காக எழுதிய பென்குயின் கதையைப் பெரியவர்கள் படித்துப் பயன்பெறுவார்களாக!

‘இதெல்லாம் நம்ம ஊர் விஷயமே இல்லை’ என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கிற பதில். நம் எழுத்தாளர்கள் அப்படி நினைக்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதை, பெண்ணின் நளினத்தோடு நடமாடும் ஒரு சமையல்காரரைப் பற்றியது. சு. சமுத்திரம் 1994இல் எழுதிய ‘வாடாமல்லி’ நாவலில் சுயம்பு, பொறியியல் படிக்கப்போன கிராமத்துப் பையன். தன்னைப் பெண்ணாக உணர்கிறவன். வயதைப் பார்த்தால் இதையே தமிழின் முதல் இளையோர் நாவல்களில் சேர்க்கலாம். ஆனால் இரண்டிலும் எழுதுகிற கை வெளியே இருப்பவரின் கை. இரக்கம் உண்டு, அக்கறை உண்டு. ‘வாடாமல்லி’யில் கோபமும் உண்டு. ஆலியாவும் சுபஜாயும் நிற்கிற அதே இடத்தில் நின்று எழுதியவைதான்.

உள்ளே இருப்பவர்கள் பேசத் தொடங்கியது இந்த நூற்றாண்டில். ஆ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ தமிழ்நாட்டுத் திருநங்கைகளின் வாழ்க்கைகளை அவர்கள் சொல்லக் கேட்டுத் தொகுத்தது. பிறகு தன் கதையை அவர் ‘வெள்ளை மொழி’யாக எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வந்தது. அதை அடியொற்றி எடுத்த கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. இந்தச் சுயசரிதைகளில் பள்ளிப் பருவப் பக்கங்கள்தான் மிகவும் கனமானவை. நடையைக் கிண்டல் செய்யும் பையன்கள், அடிக்கும் ஆசிரியர், யாருக்கும் தெரியாமல் அக்காவின் உடுப்பைப் போட்டுப் பார்க்கும் மதியங்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண், பெண்களின் குரல் தமிழ்ப் புத்தகமாக வருவதற்கு இன்னும் தாமதமாயிற்று. 2018இல் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் வெளியிட்ட கிரீஷின் ‘விடுபட்டவை’ அந்த வகையில் முக்கியமானது. அதே அமைப்பு அந்த ஆண்டே சென்னையில் குயர் இலக்கிய விழாவையும் தொடங்கியது. சிறுவர் பக்கம் பார்த்தால், கவுன் போட ஆசைப்படும் குட்லி என்ற குழந்தையைப் பற்றிய கனக் சஷியின் படப்புத்தகத்தைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் கொண்டுவந்தது.

குட்லி சின்னக் குழந்தை. வித்யா எழுதும்போது வளர்ந்த பெண். நடுவில் இருக்கிற வயதுக்கு, ஒன்பதாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும், தமிழில் புத்தக அலமாரி ஏறக்குறைய காலி.

சினிமா கொஞ்சம் முந்திக்கொண்டது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025 காதலர் தினத்தன்று வெளியானது. மகள் தான் காதலிப்பவரை வீட்டுக்கு அழைத்துவருகிறாள். வந்து நிற்பது ஒரு பெண். லிஜோமோல் ஜோஸ் மகளாகவும் ரோகிணி அம்மாவாகவும் நடித்த இந்தப் படம், நிதானமாகப் பேசியே போகிற நல்ல படம். அங்கேயும் கதையின் பாரம் அம்மாவின் முகத்தில்தான் ஏறியிருக்கிறது. முற்போக்காகப் பேசிய அம்மா தன் வீட்டில் நடக்கும்போது என்ன ஆகிறாள் என்பதுதான் கேள்வி. அம்மாக்கள் பார்க்க வேண்டிய படம், சந்தேகமில்லை. மகள் அதற்கு முந்தைய பத்து வருடங்களை எப்படிக் கழித்தாள் என்பதற்கு இன்னொரு படம் எடுக்க வேண்டியிருக்கும்.

சொந்தக் குரலில் எழுதியவர்களில் பலருக்கு ஓர் ஒற்றுமை உண்டு. பிறந்த வீட்டை விட்டு வெளியேறிய பிறகே அவர்களால் எழுத முடிந்திருக்கிறது. வித்யா, ரேவதி இருவரும் ஊரை விட்டுப் போனவர்கள். பதினான்கு வயது அம்ரித்தைப் படைத்தபோது செல்வதுரைக்கு நாற்பது வயது, இருந்தது கனடாவில். அவருடைய ‘ஃபன்னி பாய்’ 2020இல் தீபா மேத்தா இயக்கத்தில் படமானபோது புலம்பெயர் தமிழர்களிடமிருந்து வந்த கோபமும் குரலைப் பற்றியதே. தன்பாலீர்ப்பைக் காட்டியதற்கு அல்ல, முக்கிய வேடங்களில் தமிழர்களைப் போடாமல் தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசவைத்ததற்குத்தான் பலர் சண்டை பிடித்தார்கள். தங்கள் கதை என்று ஏற்றுக்கொண்டவர்கள்தான் இப்படிச் சண்டை போடுவார்கள்.

மொழிபெயர்ப்பு உடனே ஆகக்கூடிய காரியம். முஸ்கானின் கதையையும் அம்ரித்தின் கதையையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில், கைக்கு எட்டும் விலையில் போட்டால் வாசிக்க ஆள் இருக்கிறது. இரண்டில் எதை முதலில் போடுவது என்று பதிப்பாளர் கேட்டால், அம்ரித்தை என்பதே பதில். ஆலியாக்கள் கொஞ்சம் காத்திருக்கலாம். அடுத்து நூலகத்துறை வாங்க வேண்டும், கிளை நூலகத்துக்கு வந்து சேர வேண்டும், போட்டித் தேர்வுக் கைடுகளுக்கு நடுவே அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். எந்த அலமாரி என்று நூலகர் யோசிப்பார். சிங்கப்பூர் செய்ததுபோல் பெரியவர்கள் பகுதிக்கு அனுப்பிவிட வேண்டாம்.